மழைக்கால முட்டைகள்

“உன் கோழி மட்டும் எப்படிக் காளியம்மா முட்ட விடுது?” பக்கத்து வீட்டு நாகமணி கோழிக்கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள். “மழ எறங்கி மூணு வாரமாச்சு. வெளிச்சமே இல்ல. என் கோழிங்க எறக உதுத்துட்டு மொடங்கிக் கெடக்குது. தோட்டத்து லயத்துல எல்லா வீட்டுலயும் இதே கததான்லா.”

“திலகம் மாசமா இருக்கான்னு என் கோழிக்குத் தெரியும்க்கா.”

காளியம்மா நான்கு முட்டைகளையும் மரத்தூள் போட்ட பிஸ்கட் டின்னில் பதமாக அடுக்கினாள். மகள் திலகத்தைப் பார்த்து இரண்டு வருடமாகிறது. ரவாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போனவள், தானே மாப்பிள்ளை தேடிக்கொண்டாள். “அவ பேச்ச எடுத்தா நீயும் கெளம்பிடு” என்றுவிட்டார் காளியம்மாவின் கணவர் சன்னாசி. அவர் சொன்னால் சொன்னதுதான்.

ஏழு மாத வயிற்றை ஒரு தடவை தடவிப் பார்க்கக் காளியம்மாவின் கை ஏங்கியது. கை போக முடியாத இடத்துக்கு, லோரிக்கார அப்பளசாமி புண்ணியத்தில் முட்டையாவது ரகசியமாகப் போய்க்கொண்டிருந்தது.

“இதுவும் நின்னுட்டா அவளுக்கு அனுப்ப என்கிட்ட என்னக்கா இருக்கு?”

“கஷ்டந்தான். கடையிலயும் நேத்தோட கோழி முட்ட தீந்துபோச்சாம். மலாய்க்காரங்க கம்பத்துலேருந்து வரலயாம்” என்றாள் நாகமணி.

மதியம் சாப்பிட உட்கார்ந்த சன்னாசி தட்டைப் பார்த்தார். வெறும் கருவாடு.

“முட்ட இல்லியா?”

“மழ பெய்யுது இல்லீங்களா? கோழி முட்டயே விடலங்க.” வாய் கூசாமல் பொய் சொன்னாள்.

“ம்... மழக்காலத்துல விடாதுதான்.” அவர் சோற்றைப் பிசைந்தார். நல்லவேளை, இந்த மனுஷனுக்குக் கோழியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அடைமழை. அப்பளசாமி வருகிற நாள் வேறு. ‘ஆத்தா, இன்னிக்கு மட்டும் கைவிட்டுடாதே’ என்று வேண்டிக்கொண்டு கூண்டுக்குள் கையை விட்டாள். நான்கு தட்டுப்பட்டன! வெளியே எடுத்துப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஒவ்வொன்றும் அத்தனை பெரிது. ஓட்டில், அரைகுறையாகக் கழுவிய கரி. சீனர் கடையில் கரி பூசி விற்கிற உப்பு வாத்து முட்டைகள்!

“இன்னிக்காவது கோழி முட்ட விட்டுச்சா?” என்றார் சன்னாசி, வாசலில் நனைந்த சைக்கிளைத் துடைத்தபடி; அவர் நகக்கண்ணெல்லாம் கரி.