இரண்டாவது பொன்னாடை

“கதை எழுதறது நீங்க, பேரு மட்டும் அவருக்கா? நல்லா இருக்குது டீச்சர் நியாயம்!”

லோகாம்பாள் பாட்டு டீச்சர். மனசில் பட்டதை உச்சஸ்தாயியில்தான் சொல்வாள்.

தையல்நாயகி சிரித்து மழுப்பினாள். அரைப் பரீட்சை லீவு. சுவரில் தொங்கிய காலண்டரில் அறுபத்தொன்பதாம் வருஷத்தின் கடைசித் தாள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கும் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

இந்த வருஷம் நாலு கதை அச்சாகியிருக்கிறது. நாலும் அவள் எழுதியவை. பத்திரிகையில் போட்டிருந்த பேர், காஞ்சி தனசேகரன். அவள் வீட்டுக்காரர். காந்தி ரோட்டு ஜவுளிக் கடையில் துணி கிழித்துக் கொடுக்கிறவர். ரசீதைத் தவிர வேறெதையும் எழுதி அறியாத மனிதர்.

காரணம் இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடத்தின் பழைய தாளாளர், “டீச்சர்னா பாடம் நடத்தணும். கதை கிதைன்னு பேர் அடிபட்டா வேலை இருக்காது” என்று சொல்லிவிட்டார். அதனால் புருஷன் பேரில் எழுத ஆரம்பித்தாள். இப்போது வந்திருப்பவர் வேறு மாதிரி. லோகாம்பாள் வாய் சும்மா இருக்குமா? அவர் காதில் போட்டுவிட்டாள். “தாராளமா உங்க பேர்லயே எழுதுங்கம்மா, நமக்கும் பெருமைதானே” என்று அவரே போன வாரம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

“வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். வேணாம்னுட்டாரு.”

“ஏனாம்?”

“‘இப்டியே போய்க்கினு இருக்கட்டும், இன்னா இப்போ’ங்கறாரு.”

“எப்டி விடுவாரு? ருசி கண்டுட்டாரே! ஆடி மாசம் வாசகருங்க போட்டாங்கன்னு பொன்னாடை போர்த்திக்கினு வந்தாரே, அந்தப் போதை லேசுல இறங்குமா?”

லோகாம்பாள் போய்விட்டாள். அவள் கொளுத்திப் போட்டது போகவில்லை.

அந்த ஆடி மாசக் கூத்து தையல்நாயகிக்கும் மறக்கவில்லை. பொன்னாடையைப் பெட்டியில் மடித்து வைத்த கையோடு, நாலைந்து நாள் மனிதர் வீட்டிலே சட்டையைக் கழற்றவே இல்லை. பெரிய எழுத்தாளர் ஆகிவிட்டார், வெற்றுடம்போடு உட்காரக் கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஊரில் நடப்பதைத்தான் அவள் எழுதுவாள், ஆள் பேரை மட்டும் மாற்றி. ஆடியில் வந்தது, வரதட்சணை பாக்கிக்காக மருமகளைத் துரத்திய பெரிய வீட்டின் கதை. இந்த வாரம் வந்திருப்பது, போலி ஜரிகை போட்ட சேலையை அசல் என்று விற்கும் முதலாளியின் கதை.

வருகிற வருஷம் தொடர்கதை எழுத வேண்டும். முதல் அத்தியாயத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் தையல்நாயகி என்று இருக்க வேண்டும். அம்மா ஆசையாக வைத்த பேர். ஒரு தடவையாவது அதை அச்சில் பார்க்க வேண்டாமா? நினைக்கும்போதே கண் கலங்கியது.

விளக்கு வைக்கிற நேரத்தில் சைக்கிள் மணி கேட்டது. தனசேகரன் உள்ளே வந்தார். தோளில் ஜரிகைக் கரை மின்னும் புதுப் பொன்னாடை.

“பாத்தியா தையலு! பஸ் ஸ்டாண்டாண்ட நாலு வாசகருங்க மடக்கிட்டாங்க. ஜரிகைக் கதை எழுதினது நீங்கதானேன்னு கேட்டாங்க. வுடவே இல்ல!”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நீங்க இன்னா சொன்னீங்க?”

“நான்தான்னேன். வேற இன்னா சொல்றது?”

“அது என் கதை.”

“யாரு இல்லேன்னாங்க?”

“நாளையிலேருந்து என் பேரைத்தான் போடப் போறேன்.”

“வேணாம் தையலு. சொன்னா கேளு.”

“ஏன்? பொன்னாடை எனக்கு வந்துடும்னா?”

தனசேகரன் உள்ளே போகத் திரும்பினார். அப்போதுதான் பொன்னாடையின் ஓரத்தில் தொங்கிய சீட்டு அவள் கண்ணில் பட்டது. விலை எழுதிய சீட்டு. அவர் வேலை செய்கிற கடையின் சீட்டு.

“இது உங்க கடைத் துணியாச்சே! நீங்களே வாங்கி, நீங்களே போர்த்திக்கினு வந்தீங்களா?”

அவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். பொன்னாடையை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

“சே! பேருக்கு இவ்ளோ ஆசையா உங்களுக்கு?”

ஆத்திரம் தாங்காமல் ஒரே இழுப்பாக இழுத்தாள்.

உள்ளே சட்டை தோளிலிருந்து இடுப்பு வரை கிழிந்து தொங்கியது. தோள்பட்டை கன்றிப்போய் வீங்கியிருந்தது.

“ஐயோ! இன்னாங்க இது?”

“கத்தாத. அந்த ஜரிகை முதலாளி ஆளுங்க. பெருசா ஒண்ணுமில்ல, ரெண்டு தட்டு தட்டிட்டுப் போய்ட்டானுங்க. உன் பேரு போட்டா உன்னையில்ல மடக்குவானுங்க?”

“அதுக்கு எதுக்குங்க பொன்னாடை?”

“கிழிஞ்ச சட்டையோட வந்து நின்னா நீ பயந்துக்குவ. எழுதறதையே வுட்டுடுவ.”

தையல்நாயகி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். சட்டென்று ஏதோ உறைத்தது. மூலையில் இருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்போ ஆடி மாசம் போர்த்திக்கினு வந்தீங்களே, அது?”

“அன்னிக்கு முதுகுல” என்றார் தனசேகரன்.