கோபக்காரன் ஐம்பது கிராம்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: மாமியார், மகன், மருமகள், மகனின் தங்கை, இரண்டு பைகளை இறக்கிவைத்த மளிகைக் கடைக்காரர். ஆறாவதாக ஒருத்தியும் இருந்தாள் என்று மருமகள் சாதித்தாள். அவள் இருந்தது இரண்டாவது பைக்குள்.

"ஒரு பைக்குத்தானே சீட்டு எழுதிக் கொடுத்தேன்?" என்றாள் மருமகள்.

கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா இறக்கிட்டேம்மா. இது தபாலாபீஸ் சந்து மாடிக்குப் போறது. சார் எப்பவும் ரெண்டு சீட்டு குடுப்பார்ல, அதுல..." மகனின் முகத்தைப் பார்த்ததும் மீதியை விழுங்கிவிட்டார்.

அந்தக் கடையில் பையோடு சீட்டையும் குண்டூசி குத்தி அனுப்புவது வழக்கம். மருமகள் அதைப் பிய்த்தெடுத்து உரக்கப் படித்தாள்.

"அழுமூஞ்சி கால் கிலோ. மொட்டை ஆறு. தாடிக்காரன் ரெண்டு. கோபக்காரன் அம்பது கிராம்."

வெங்காயம், முட்டை, சோளக்கதிர், மிளகு. இந்தச் செல்லப் பெயர்கள் இந்த வீட்டையும் அந்தக் கடையையும் தவிர வேறெங்கும் செல்லாதவை. வைத்தவர் வீட்டுப் பெரியவரான மாமனார். அவர் போய்விட்டார், பெயர்கள் தங்கிவிட்டன.

கணவன் எவளுக்காவது நகை வாங்கிக் கொடுத்திருந்தால்கூட மருமகள் ஒருவாறு பொறுத்திருப்பாள். வீட்டுச் சொல்லை எடுத்துக் கொடுத்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"அழுமூஞ்சின்னு எழுத அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? அத்தை வாயால கேட்டு நான் கத்துக்கவே ஒரு வருஷம் ஆச்சு!"

"எவளும் இல்லை" என்றான் மகன். சொல்லிவிட்டு அவன் பார்த்தது மனைவியை அல்ல, தாயை.

"என்னைப் பாத்துச் சொல்லுங்க. அங்க என்ன பார்வை?"

தங்கை குறுக்கே வந்தாள். "அண்ணி, அண்ணனுக்கு ஒரு வீட்டுக்கே ஒழுங்கா சாமான் வாங்கத் தெரியாது. ரெண்டு வீட்டுக்கு எங்க போவான்?"

"நீ சும்மா இரும்மா. பூனை என்ன, மணி அடிச்சுட்டா பால் குடிக்குது?" மருமகள் கடைக்காரரிடம் திரும்பினாள். "பையை வாங்கிக்கிறவ எப்படி இருப்பா? சின்ன வயசா?"

"ஆளைப் பாத்ததே இல்லைம்மா. மாடி ஜன்னல்லேருந்து கயித்துல ஒரு கூடை இறங்கும். வெச்சுட்டு வந்துருவேன்."

"ஓகோ, மகாராணிக்குப் படி இறங்கினா கால் தேஞ்சுடுமோ? நாக்கு ருசியைப் பாருங்க, கோபக்காரன் வேற கேக்குதாம்!"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இந்த வீட்டுச் சீட்டில் கோபக்காரன் மட்டும் எழுதப்படுவதில்லை. ஏனென்று புதுப்பெண்ணாக வந்த நாளில் அவள் கேட்டதற்கு, "இந்த வீட்ல அது ஆகாது" என்று மாமியார் ஒரே வரியில் முடித்துவிட்டார். யாருக்கு ஆகாது என்று கேட்கும் துணிச்சல் அவளுக்கு அன்று இல்லை.

மாமியார் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். எதிலும் சாய்ந்து அவருக்குப் பழக்கமில்லை.

"நீங்களே சொல்லுங்க அத்தை. என் இடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"நீ பண்றதைத்தான். ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்க மாட்டேன்."

அது தனக்குக் கிடைத்த ஆதரவு என்று மருமகள் எடுத்துக்கொண்டாள். உள்ளே போய்த் துணிப்பெட்டியோடு திரும்பினாள்.

"நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். இவரைச் சொல்லிக் குத்தமில்லை. விதை ஒண்ணு போட்டா சுரை ஒண்ணா முளைக்கும்? மாமா ஓடின வழியிலதானே மகனும் ஓடுவாரு!"

தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவர் ஒருத்தியோடு ஓடிப்போனார் என்பது தெருவெல்லாம் தெரிந்த பேச்சு. அந்தக் கூரைக்குக் கீழே மட்டும் யாரும் அதை எடுத்ததில்லை. மாமியார் அதற்கு ஆமென்று சொன்னதுமில்லை, இல்லையென்று சொன்னதுமில்லை.

அவர் எழுந்தார். மருமகளின் கையிலிருந்த சீட்டை வாங்கிப் பார்த்தார். கோணல் கோணலான அந்த எழுத்தின் மேல் அவருடைய கட்டைவிரல் ஒருமுறை ஊர்ந்தது.

பிறகு பைக்குள் கையை விட்டு மிளகுப் பொட்டலத்தை மட்டும் எடுத்து, தன் முந்தானையில் முடிந்துகொண்டார்.

"இத்தனை வயசாகியும் நாக்கு அடங்கலை பாரு" என்றார் யாரையும் பார்க்காமல். "மிச்சத்தைக் கொண்டுபோய்க் குடுங்க கடைக்காரரே. இது அந்த வயித்துக்கு ஆகாது."

மகன் தலையைக் குனிந்துகொண்டான். மருமகளின் கையில் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

"எந்த வயித்துக்கு அத்தை? உங்களுக்கு அவளைத் தெரியுமா?"

மாமியார் சீட்டை நான்காக மடித்தார்.

"பெட்டியை உள்ள வை. உன் மாமா எவகூடவும் ஓடலை, நான்தான் போகச் சொன்னேன்."