கன்னம் வைப்பவர்கள்

திரைச்சீலையில் வடிகட்டிய வெயில், நோயில் ஒட்டிப்போன அவள் கன்னக் குழிகளில் நிழலாகத் தேங்குகிறது. உள்ளங்கையில் சிப்பிபோல் கிடக்கும் சிலிக்கான் துண்டு மெல்லச் சூடேறுகிறது. "இதை உள்ள வச்சுக் கன்னம் வச்சா அப்படியே நிக்கும். இல்லேன்னா உங்க கொழுப்பையே எடுத்து நிரப்பலாம், கொஞ்சம் கரைஞ்சுபோகும்" என்கிறார் மருத்துவர். போலீஸ்காரக் கணவன் மீசைக்குள் சிரிக்கிறான். "சுவத்துல கன்னம் வைக்கிறவனைப் பிடிக்கிறதுதான் டாக்டர் என் வேலை. கொழுப்புக்கு இவகிட்ட பஞ்சமே இல்ல." அவள் திடுக்கிட்டுத் திரும்புகிறாள். படுக்கையில் விழுந்ததிலிருந்து அவன் அவளைக் கேலி செய்ததே இல்லை; கண்ணாடிப் பாத்திரம்போல் அலுங்காமல் வைத்திருக்கிறான். திரைச்சீலை ஒருமுறை மூச்சுவிட்டு அடங்குகிறது. சிலிக்கானை மேசையில் வைக்கிறாள்; கையில் அதன் சூடு மட்டும் மிச்சமிருக்கிறது. "கொழுப்பே போதும் டாக்டர். கரையாம இவர் பாத்துக்குவார்."