பூச்சடை

"அஞ்சு மணிக்குள்ள மன்னிப்புக் கேட்டுரணுமாம். அதுவும் அவ கடைக்கே போயி, லைவ்ல. இல்லன்னா சீட்ட வேற ஆளுக்குக் குடுத்துருவாகளாம்" என்றான் காமராஜ்.

"ஒரு ஜோக்குக்கா இவ்வளவும்?" என்று எரிந்து விழுந்தான் தளவாய். பத்து வருஷம் கொடி பிடித்து, போஸ்டர் ஒட்டி, இப்போதுதான் கட்சியில் கவுன்சிலர் சீட் கிடைத்திருக்கிறது.

அவனை எதிர்த்து நிற்பவள் அபி. திருநங்கை. குற்றாலத்தில் பழக்கடை வைத்திருக்கிறாள். இரண்டு நாளைக்கு முன்பு தளவாய் ஒரு பழைய படத்தைத் தேடிப்பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டான். பட்டுப்பாவாடையும் பூச்சடையுமாக நிற்கிற ஒன்றரை வயதுப் பையன். 'அபிக்கு அப்பவே ஆரம்பிச்சிட்டு! இதுக்கா உங்க ஓட்டு?' என்று மேலே எழுதி, சிரிக்கிற பொம்மைகள் ஐந்து.

முதல் மொட்டைக்கு முன்னால் ஆண் குழந்தைக்குப் பூச்சடை தைத்துப் படம் எடுக்காத வீடு இந்தப் பக்கம் உண்டா? ஊரே கொதித்துவிட்டது. சுரண்டைக்காரி ஒருத்தி, பட்டாளத்தில் இருக்கும் மகனின் பூச்சடைப் படத்தைப் போட்டு, 'இவனையும் கேலி பண்ணு பாப்போம்' என்று எழுதினாள். அப்புறம் கீழப்பாவூர், ஆய்க்குடி என்று படங்கள் வந்து குவிந்தன. 'அவ யாரா இருந்தா ஒனக்கென்ன? வார்டுக்குத் தண்ணி வருமா, அதச் சொல்லு' என்று கேட்டவர்களும் நிறைய. கட்சியின் மாவட்டச் செயலாளர் வீட்டம்மாவே தன் கணவரின் பூச்சடைப் படத்தைப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் மேலிடத்துக்குக் கோபம் வந்தது.

"நீயும் ஒன் பூச்சடைப் படத்தப் போட்டு, சும்மா வெளையாட்டுன்னு சொல்லிரேம்லே" என்றான் காமராஜ்.

"எங்கப்பா போலீசு. எங்க வீட்ல ஆம்பளப் பிள்ளைக்குப் பாவாடை கட்டுத பழக்கமே கெடையாது." அதைச் சொல்வதில் தளவாய்க்கு எப்போதும் ஒரு பெருமை.

"சரி, கெளம்பு. அந்தப் படத்தயும் எடுத்துக்கோ. லைவ்ல வச்சு அவ கையில குடுத்தா, பாக்கதுக்கு நல்லாருக்கும்."

குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. அபி ரம்புட்டானைக் கூறு வைத்துக்கொண்டிருந்தாள். காமராஜ் செல்லைத் தூக்கிப் பிடிக்க, தளவாய் தாளைப் பார்த்து வாசித்தான். "அபி அவர்களின் குழந்தைப் பருவப் படத்தை வெளியிட்டு, அவர் மனம் புண்படும்படி..."

"தாள மடிச்சு வைங்க அண்ணாச்சி" என்றாள் அபி. "ரெண்டு நாளா அழுதேன், இல்லன்னு சொல்லல. ஆனா அந்தப் படத்த மட்டும் திரும்பத் திரும்பப் பாத்தேன். நான் வீட்ட விட்டு வந்த அன்னைக்கு எங்கய்யா என் போட்டோ பூராத்தையும் அடுப்புல போட்டுட்டாரு. சின்ன வயசுல நான் எப்படி இருந்தேன்னு எனக்கே தெரியாது. மன்னிப்பெல்லாம் வேண்டாம். அந்தப் போட்டோவக் குடுங்க, போதும்."

இவ்வளவு சுலபமாக முடியும் என்று தளவாய் நினைக்கவில்லை. சட்டம் போட்ட அந்தப் படத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தான். முதல் முறையாக அவனுக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"இது எங்கன கெடச்சுது அண்ணாச்சி?"

"செத்துப்போன எங்கம்மா பெட்டியில. அப்போ நம்ம ரெண்டு வீடும் அடுத்தடுத்த வீடுல்லா? உங்கம்மா குடுத்திருப்பாக."

அபி கண்ணாடியை முந்தானையால் துடைத்துவிட்டு, அந்தக் குழந்தையின் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. பர்ஸில் வைத்துக்கொள்வதற்காகச் சட்டத்தின் பின்னட்டையைக் கழற்றி, படத்தை உருவினாள். பின்பக்கம் பேனாவால் ஏதோ எழுதியிருந்தது.

"வாசிங்க, லைவ் ஓடுது" என்றான் காமராஜ், உற்சாகமாக.

"'ஆய்க்குடியில் மொட்டை போடுவதற்கு முந்தின நாள். அவுகளுக்குத் தெரியாமல், டூட்டிக்குப் போன நேரம் பார்த்து எடுத்தது. என் செல்ல மகன்...'"

அபி நிறுத்தினாள். அவள் முகம் வாடிப்போனது. படத்தைத் தளவாயின் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"மிச்சத்த நீங்களே வாசிங்க அண்ணாச்சி. உங்க பேருதான் போட்டிருக்கு."