பின்மண்டையில் ஒரு குத்து

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆனால் அமிர்தராஜுக்குத் தலைவலி மண்டையைப் பிளக்கும். அக்னஸ் சுக்கை உரைத்து அவன் நெற்றியில் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“சாமியாரே சொல்லிட்டாரே, அதையே மனசுல போட்டு உழப்பிக்காதீங்கன்னு. கேட்டாத்தானே? தலை வலிக்காம என்ன செய்யும்?”

பாலக்கரை மாதா கோயில் சந்துக்குள் ஜட்கா ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

வாசலில் மீரான் நின்றான். சலவை வேட்டி, தொப்பி, கண்ணில் சுர்மா. ஜும்மா தொழுகையை முடித்துவிட்டு அப்படியே வந்திருக்கிறான். ஒரு காலத்தில் குத்துச்சண்டைக் கூடாரத்தில் இவன் பெயரைப் போட்டால் டிக்கெட் கிடைக்காது. இப்போது உள்ளே வரலாமா வேண்டாமா என்று தயங்கினான்.

“அமிர்தராஜ் வீடு இதுதானுங்களே?”

“வாங்க பாய், உக்காருங்க.” அமிர்தராஜ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

அக்னஸ் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அரை டம்ளர்தான். வீடு தேடி வந்தவருக்கு அரை டம்ளர் காப்பி கொடுக்கிற வழக்கம் பாலக்கரையில் எந்த வீட்டிலும் கிடையாது.

மீரான் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அரை டம்ளரே தளும்ப, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி பேசினான்.

“என்னை அடையாளம் தெரியுதா உங்களுக்கு? கிறிஸ்மஸுக்கு மைதானத்துல கூடாரம் போட்டாங்களே, அன்னிக்கு நாம ரெண்டு பேரும்...”

“தெரியுது பாய்.”

“நெஞ்சுல குத்தலாம், மூஞ்சியில குத்தலாம், பின்மண்டையில மட்டும் குத்தக் கூடாது. கையுறை மாட்டுறதுக்கு முந்தியே சொல்லிக் குடுக்கிற பாடம் அது. அது தெரிஞ்சும்...” அவன் டம்ளரைக் கீழே வைத்தான். “கயித்துல சாஞ்சு திரும்பின நேரம். நடுவர் அந்தப் பக்கம் நின்னாரு, அவர் கண்ணுல படல. ஜனங்க கை தட்டினாங்க. தட்டினாங்களே பாவிங்க!”

நடுவர் கண்ணில் படாத குத்துக்கு அந்தக் காலத்தில் வெற்றி என்று பெயர். முன்வரிசையில் துரைமார்கள் சுருட்டுப் புகைத்துக்கொண்டு ரசித்தார்கள். ஜெயித்தவனை மாலை போட்டு பாண்டு வாத்தியத்தோடு தெருவெல்லாம் கூட்டிக்கொண்டு போனார்கள். விழுந்தவனை நாலு பேர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அவன் பிழைத்தானா என்று கேட்க அன்றைக்கு ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அதற்கப்புறம் அமிர்தராஜ் கையுறையைத் தொடவேயில்லை. யார் யாரோ வந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள், அவன் அசையவில்லை.

“ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில்கிட்ட உக்காந்து அழுதேனே,” என்றான் மீரான். “மேல உத்தரத்துல குருவி கூடு கட்டியிருந்துச்சு. விடிஞ்சதுலேருந்து கத்திக்கிட்டே கிடக்கும். அதெல்லாம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

அமிர்தராஜ் நாற்காலியின் நுனிக்கு வந்தான். “பாய், நான் ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னா...”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். திட்டணும்னா திட்டுங்க, அடிக்கணும்னா அடிங்க. இன்னிக்கு பள்ளிவாசல் பயான்ல ஹஜ்ரத் சொன்னாரு, மனுஷனுக்குச் செஞ்ச தப்பை அந்த மனுஷன் பொறுத்துக்கிட்டாத்தான் அல்லாஹ்வும் பொறுப்பான்னு. நான் எவ்வளவு தொழுது என்ன பிரயோஜனம்? நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்.”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வந்திருந்தான். அது கிடைக்காவிட்டால் இன்றைக்குச் சாப்பிடவும் மாட்டான், தூங்கவும் மாட்டான் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அமிர்தராஜ் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சொல்லிவிடுங்கள் என்பதுபோல் அக்னஸ் தலையை ஆட்டினாள்.

“பொறுத்துக்கிட்டேன் பாய்.”

சொல்லி முடிப்பதற்குள் அமிர்தராஜுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மீரான் எழுந்து அவனைக் கட்டிக்கொண்டு, பற்றுப் போட்ட நெற்றியை மெல்லத் தடவிக் கொடுத்தான்.

“உங்க தலைவலி நல்லாகணும்னு அஞ்சு வேளையும் துஆ செய்றேன். அல்லாஹ் உங்களை நல்லா வைப்பான்.”

சிரித்த முகத்தோடு படியிறங்கிப் போய், வண்டிக்காரனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து குதிரையைப் பற்றி ஏதோ கேட்க ஆரம்பித்தான். ஜட்காவின் பின்பக்கத் திரைக்குள் அவன் மனைவி சுராயா வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு காத்திருந்தாள். அமிர்தராஜ் பின்னாலேயே ஓடிப்போய்த் திரையோரம் நின்றான்.

“என்னால முடியல தங்கச்சி,” என்றான் தணிந்த குரலில். “வெள்ளிக்கிழமைதோறும் வர்றாரு. இப்பத்தான் முதல் தடவையா வர்ற மாதிரி கேக்கறாரு. நானும் பொறுத்துக்கிட்டேன், பொறுத்துக்கிட்டேன்னு சொல்லிச் சொல்லி... என்ன வாய்ம்மா என்னுது? அடுத்த வாரம் உண்மையைச் சொல்லிடப் போறேன்.”

சுராயா திரையை விலக்கினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால்கூட அமிர்தராஜுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“வேணாம்ணே. கட்டில்கிட்ட உக்காந்து நீங்க சொல்லி அழுததைத்தான், தான் சொல்லி அழுததா அவரு நினைச்சுக்கிட்டிருக்காரு. நீங்க பொறுத்துக்கிட்டேன்னு சொல்ற அன்னிக்குத்தான் ராத்திரி கண்ணை மூடுறாரு.”

முன்னால் மீரான் சிரிக்கிற சத்தம் கேட்டது. சுராயா இன்னும் குரலைத் தணித்தாள்.

“குத்து விழுந்தது தன் மண்டையிலன்னு அவருக்குத் தெரியவே வேணாம்.”