ஆண்டவரோடு ஒரு சண்டை

"உன் ஆண்டவருக்குக் காது கேக்குதா, இல்லையா? எனக்கு இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்!"

மருத்துவமனை என்றுகூடப் பார்க்காமல் அக்கா குரலை உயர்த்தினாள். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் மெதுவாகப் பேசினாலே பக்கத்துக் கட்டிடத்துக்குக் கேட்கும்.

தம்பி தலை குனிந்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்ந்த மனிதர். மனைவி போன பிறகு அவருக்கென்று இருப்பது ஒரே மகள். அந்த மகள்தான் இப்போது உள்ளே படுத்திருக்கிறாள்.

அவளுக்குத் தீயணைப்பு நிலையத்தில் வேலை. காலையில் ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் தீ. நடக்க முடியாத ஒரு பெண்ணை முதுகில் சுமந்துகொண்டு இறங்கும்போது மேலேயிருந்து மரச்சட்டம் சரிந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு ஒரு கீறல்கூட இல்லை. சுமந்தவளுக்குத் தோள்பட்டையில் எலும்பு முறிவு, கையில் தீக்காயம்.

"உயிருக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாருக்கா."

"நீ சும்மா இரு! இவ வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து நீ என்ன கேட்டே? 'ஆண்டவரே, என் பொண்ணை நெருப்புலேருந்து வெளிய கொண்டுவாரும், உக்காந்து பாக்கற வேலையா தாரும்'னுதானே கேட்டே? உன்கூடச் சேர்ந்து நானும் உபவாசம் இருந்தேன். பட்டினி கிடந்து மயங்கி விழுந்ததுதான் மிச்சம். ஆபீஸ்ல மனு போட்டாகூட 'முடியாது'ன்னு ஒரு பதிலாவது வரும்!"

தம்பி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

நர்ஸ் வந்து உள்ளே கூப்பிட்டாள்.

கட்டுப் போட்ட கையோடு மகள் சிரித்தாள். "உங்க சத்தம் கேட்டுத்தான் மயக்கமே தெளிஞ்சுது அத்தை."

"சிரிக்காதடி! எனக்கு உடம்பெல்லாம் எரியுது."

"எனக்குந்தான்."

கட்டிலுக்குப் பக்கத்தில் நிலைய அதிகாரி நின்றிருந்தார். சட்டையெல்லாம் கரி. அக்கா அவரையும் விடவில்லை.

"சார், வீட்டுக்கு ஒரே புள்ள. இவளுக்கு ஆபீஸ்ல ஒரு வேலை போட்டுக் குடுக்கக் கூடாதா?"

அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? போன வருஷமே கன்ட்ரோல் ரூமுக்கு மாத்தினாங்களே! போன் எடுக்கற வேலை. அவனவன் சிபாரிசு பிடிச்சும் கிடைக்காத இடம். இவங்கதான் வேணாம்னுட்டாங்க. எங்களுக்கு அதுல பெருமைதான். இப்படி ஒரு ஆளை நான் எங்க போய்த் தேடுவேன்?"

சொல்லிவிட்டு, மகளுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துவிட்டு வெளியே போனார்.

அக்கா ஒரு நிமிஷம் கூரையைப் பார்த்தாள். "ஆண்டவரே, மன்னிச்சுக்கும். தப்பு உம்ம மேல இல்ல." பிறகு கட்டில் பக்கம் திரும்பினாள். "அடிப்பாவி! உங்கப்பன் முழங்கால் தேயத் தேயக் கேட்டது வாசல் வரைக்கும் வந்திருக்கு. நீ எட்டி உதைச்சிருக்கியா?"

"அப்பாகிட்ட நான் போறேன்னுதான் சொன்னேன் அத்தை. மனசே இல்ல. ஆனா அப்பாவுக்காகப் போயிடலாம்னு இருந்தேன்."

"அப்புறம்?"

மகள் அப்பாவைப் பார்த்தாள்.

தம்பி கட்டிலோரத்தில் உட்கார்ந்தார்.

"அந்த மாத்தல் வந்த வாரம் சர்ச்சுல முழங்கால் போட்டு இவளுக்காகக் கேட்டுட்டிருந்தேன்க்கா. பக்கத்துல ஒரு அம்மா, மடியில சின்னப் பையன். வாய்விட்டு அழுது ஜெபம் பண்றாங்க. 'ஆண்டவரே, எல்லாரும் வெளிய ஓடி வந்தப்போ என் புள்ளைக்காக ஒரு பொண்ணை உள்ள அனுப்பினீரே, தன்னோட ஹெல்மெட்டைக் கழட்டி என் புள்ளைக்கு மாட்டித் தூக்கிட்டு வந்தாளே, ஸ்தோத்திரம்'னு. முந்தின நாள்தான் இவ முடி கருகி வீட்டுக்கு வந்திருந்தா. அடுப்புல பட்டுடுச்சுன்னு என்கிட்ட கதை விட்டா. இவ எந்தக் காலத்துல அடுப்புப் பக்கம் போனா?"

மகள் போர்வைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"'அது என் பொண்ணும்மா'ன்னு சொல்ல வாயெடுத்தேன். அப்பத்தான் உறைச்சுது. யோசிச்சுப் பாருக்கா. அவங்க, இவளை அனுப்பினதுக்கு நன்றி சொல்றாங்க. அதே வரிசையில நான், இவளை அனுப்பாதிரும்னு கெஞ்சிட்டிருக்கேன்."

அக்காவின் குரல் முதல்முறையாக இறங்கியது. "அப்ப இன்னும் விடிஞ்சா முழங்கால்ல நிக்கறியேடா? என்னத்தைக் கேக்கறே?"

"இவ ஏறிப் போற படிக்கட்டு தாங்கணும்னு. உள்ள மாட்டினவங்க குரல் இவ காதுல விழணும்னு."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மருமகளின் கருகிய புருவத்தை விரலால் மெல்ல நீவிவிட்டாள். இந்தப் புருவத்துக்கு எந்தப் பதக்கமும் ஈடாகாது என்று தோன்றியது.

"அது சரி. கேட்டதை ஆண்டவர் குடுக்கலன்னு நான் அந்தக் கத்து கத்தினேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவர் குடுத்தாருக்கா. நான்தான் இவளைப் போக வேணாம்னுட்டு, 'நெருப்புக்குள்ள யாரோ இவளுக்காகக் காத்திருப்பாங்க ஆண்டவரே'ன்னு திருப்பிக் குடுத்துட்டேன்."