புகைந்த கட்டை

கோழி சுடுவதற்காக அருளப்பன் வீட்டிலேயே கரி தயாரித்தார். ஒரே வேலமரத்தின் இரண்டு கட்டைகளைத் தகர டின்னில் அடைத்து, மூடியில் சின்ன ஓட்டை போட்டு, சுற்றிலும் தீ மூட்டினார்.

"உள்ளே இருக்கிற புகையையெல்லாம் விட்டுவிடு" என்றது சின்னக் கட்டை.

"விட்டுவிட்டால் அப்புறம் என்னிடம் என்ன மிஞ்சும்?" என்று பெரிய கட்டை பாதிப் புகையை அடக்கி வைத்துக்கொண்டது.

மறுநாள் அடுப்பில் சின்னது சத்தமில்லாமல் கனன்றது. பெரியது புகைந்து தள்ளியது.

"இதுல ஒண்ணு சரியா வேகலைங்க, கண்ணு எரியுது" என்றாள் அவர் மனைவி. அருளப்பன் இருமிக்கொண்டே இடுக்கியால் அதை எடுத்து மண்ணில் போட்டார்.

மண்ணில் கிடந்தபடி பெரிய கட்டை சொன்னது: "பார்த்தாயா, எனக்காக எல்லோரும் கண் கலங்கிவிட்டார்கள்."

சின்னக் கரி தன் பாட்டுக்குக் கனன்றுகொண்டிருந்தது. கோழியின் மறுபக்கம் இன்னும் வேக வேண்டியிருந்தது.